பூட்டு தொங்கும் ஊரில் வாடகைக்கு வீடில்லை

வெள்ளி: லிமோஜ் தாண்டி

க்ரூஸ் மாவட்டத்துக்குப் போகிறேன் என்றதும் பாரிஸ் புறநகரில் இருக்கும் சித்தப்பா சிரித்தார். "மழையையும் மாட்டையும் தவிர அங்கே ஒன்றும் இல்லை. லுவார் நதிக்கரைக் கோட்டைகளைப் பார்த்துவிட்டு வா" என்றார். பிரான்சுக்கு வரும் காரைக்கால்காரர்களுக்கு எல்லாச் சித்தப்பாக்களும் கோட்டைகளைத்தான் சிபாரிசு செய்கிறார்கள். எனக்கோ நூறாண்டாக ஆள் குறைந்துகொண்டே வந்த ஓர் ஊரை, ஆள் மறுபடியும் வந்து சேரும் நேரத்தில் பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. பிரான்சில் ஏறத்தாழ 35,000 கொம்யூன்கள், அதாவது ஊராட்சிகள், இருக்கின்றன. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் ஐந்நூறு பேர்கூடக் கிடையாது. அப்படிப்பட்ட ஓர் ஊரில் கால் வைக்காமல் பிரான்சைப் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

பாரிஸின் ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்தில் ஏறினால் லிமோஜ் வரை மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. லிமோஜ் ரயில் நிலையம் பார்க்க வேண்டிய கட்டடம். தண்டவாளங்களுக்குப் பக்கத்தில் இடம் போதாமல் அவற்றுக்கு மேலேயே கட்டி 1929-இல் திறந்திருக்கிறார்கள். பச்சைக் குவிமாடமும் மணிக்கூண்டுமாக, நகரத்தின் தகுதிக்கு மீறிய ஆடம்பரம். அங்கிருந்து உஸெல் பக்கம் போகும் சின்ன ரயிலில் மாறினேன். அது வியென் ஆற்றோடு ஒட்டிக்கொண்டே மேட்டில் ஏறுகிறது. ஏமூத்தியேயில் என்னுடன் இறங்கியவர்கள் பள்ளி விடுதியிலிருந்து வார இறுதிக்கு வீடு திரும்பும் பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் வெளியே ஒரு கார் காத்திருந்தது. எனக்கும்தான். நான் தங்கப்போகும் வீட்டு அம்மாள் வந்திருந்தார். அவர் வராமல் இருந்திருந்தால் இருபது கிலோமீட்டருக்கு மேல் மழையில் நடந்திருப்பேன். இந்தப் பக்கத்தில் கார் இல்லாதவன் பிறர் தயவில் வாழ்கிறவன்.

நான் போகும் ஊர் ஃபோ-லா-மொந்தாஞ். மில்வாஷ் பீடபூமியில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்தில், சுமார் நானூறு பேர் வாழும் கொம்யூன். பீடபூமியை மூன்று மாவட்டங்கள் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. ஏமூத்தியே ஓத்-வியென் மாவட்டத்தில் இருக்கிறது, ஃபோ க்ரூஸில் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் கொரேஸ். க்ரூஸில் 1851-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது 2,87,000 பேர் இருந்தார்கள். இன்று 1,15,000 பக்கம். பிரான்சின் ஐரோப்பியப் பகுதியில் இதைவிட மக்கள் குறைந்த மாவட்டம் லோஸேர் ஒன்றுதான்.

காரில் வரும் வழியெல்லாம் இருட்டும் ஊசியிலைக் காடும்தான். "பகலிலும் இப்படித்தான் இருக்கும்" என்றார் அம்மாள். அவர் லீல் நகரத்திலிருந்து தொண்ணூறுகளில் வந்து குடியேறியவர். "இந்த ஊர்க்காரியா நீங்கள்?" என்று கேட்டேன். "என் பிள்ளைகளைக் கேளுங்கள், ஆமாம் என்பார்கள். பக்கத்து வீட்டுக் கிழவரைக் கேட்டால் இன்னும் யோசிப்பார்" என்றார்.

சனி: ஃபோ

காலையில் மழை விட்டிருந்தது. ஊரைச் சுற்றி வர அரை மணி நேரம் போதும். சதுக்கம், தேவாலயம், மேரி என்னும் ஊராட்சி அலுவலகம், பள்ளிக்கூடம், கடை. சாம்பல் நிறக் கருங்கல் வீடுகள் நூற்றைம்பது ஆண்டு ஆன பிறகும் நேற்றுக் கட்டியவை போல நேர்கோட்டில் நிற்கின்றன. கல் வேலையில் பெயர் வாங்கிய மாவட்டம் என்பது சொல்லாமலே தெரிகிறது. அந்தக் கதை நாளைக்கு.

முதலில் கண்ணில் படுவது சன்னல்கள். நான் நடந்த ஒரு தெருவில் மூன்றில் ஒரு வீட்டுக்கு மரக்கதவுகள் இழுத்துச் சாத்தியிருந்தன. ஊரைவிட்டுக் கொஞ்சம் தள்ளி இருக்கும் குக்கிராமங்களுக்கும் போனேன். பிரெஞ்சுக் கொம்யூன் என்பது ஒரே ஊர் அல்ல, நடுவூரும் அதைச் சுற்றிய நாலைந்து வீட்டுத் தொகுப்புகளும் சேர்ந்ததுதான். அப்படி ஒரு தொகுப்பில் ஒரே ஒரு புகைபோக்கியில் புகை வந்தது. மற்ற வீடுகளின் கூரை பழுதில்லை, புல் வெட்டியிருக்கிறது, தபால் பெட்டியில் பெயர் இருக்கிறது. யாரோ வந்து பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் யாரும் குடியிருக்கவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் அதற்கு நேர்மாறு. நவம்பர் முதல் தேதி சகல புனிதர் திருநாள். அன்று பிரான்ஸ் முழுவதும் குடும்பங்கள் தொட்டிச் சாமந்தியோடு முன்னோர் கல்லறைக்கு வருவார்கள். ஒரு வாரம் கழித்தும் இங்கே மஞ்சளும் ஊதாவுமாகப் பூக்கள் நிறைந்திருந்தன. போன வாரம் அந்தச் சன்னல்களும் திறந்திருந்தன என்றார் அம்மாள். கார்கள் நிறுத்த இடம் இல்லையாம். இரண்டு நாள் கழித்து எல்லோரும் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுப் பாரிஸுக்கும் லியோனுக்கும் திரும்பிவிட்டார்கள். கல்லறைப் பலகைகளைப் படித்தால் பாரிஸில் இறந்து இங்கே புதைக்கப்பட்டவர்கள் பலர் என்று தெரிகிறது.

பிறகு கடைக்குப் போனேன். வாசல் அருகே அறிவிப்புப் பலகை. பூனைக்குட்டி இலவசம், விறகு விற்பனைக்கு, யோகா வகுப்பு. அவற்றுக்கு நடுவில் கையால் எழுதிய சீட்டுகள்: இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு வாடகைக்கு வீடு வேண்டும், தனியாளுக்குச் சின்ன வீடு வேண்டும், ஆண்டு முழுவதும் தங்க வேண்டும், எந்த நிலையில் இருந்தாலும் பரவாயில்லை. வீடு தருகிறேன் என்று ஒரு சீட்டுகூட இல்லை.

ஆட்களை இழந்த ஒரு மாவட்டத்தில், மூன்றில் ஒரு வீடு பூட்டிக் கிடக்கும் தெருவுள்ள ஊரில், குடியேற வருகிறவர்களுக்கு வீடு கிடைக்கவில்லை. ஆள் போனால் வீடு மிஞ்சும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்து வந்தேன்.

கடைக்காரர் விளக்கினார். தாத்தா இறந்தார், வீடு நாலு பிள்ளைகளுக்கு வந்தது. பிரெஞ்சுச் சிவில் சட்டம் 1804 முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமபங்கு தருகிறது. பிள்ளைகளில் இருவர் இறந்தார்கள், பங்கு பேரப்பிள்ளைகளுக்குப் போனது. இப்போது பதினோரு பேர். விற்க வேண்டுமானால் பொதுவாக எல்லோரும் சொத்துப் பத்திரம் எழுதும் நொத்தேரிடம் வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் கனடாவில் இருக்கிறார். ஒருவர் மற்றவரோடு பேசுவதில்லை. ஒருவருக்கு ஆகஸ்டு மாதம் பிள்ளைகளைக் கூட்டி வந்து ஏரியில் நீந்த வீடு வேண்டும். விற்றாலும் பெரிய பணம் கிடைக்கப்போவதில்லை, அதனால் யாருக்கும் அவசரமில்லை. தாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கான குடியிருப்பு வரியை 2023-இல் அரசு எல்லோருக்கும் நீக்கிவிட்டது. விடுமுறை வீடுகளுக்கு மட்டும் வைத்திருக்கிறது. அந்தத் தொகையை ஆண்டுக்கு ஒரு முறை பதினோரு பங்காகப் பிரித்துக் கட்டிவிட்டுப் பூட்டை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

பங்காளிச் சண்டை என்று நான் தமிழில் முணுமுணுத்துக்கொண்டேன். காரைக்காலில் எங்கள் தெருவிலும் இதே நிலைதான். பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிப் போனவர்களின் வீடுகள், காவல்காரருக்குச் சம்பளம் கொடுத்துப் பூட்டி வைக்கப்பட்டவை. சித்தப்பாவின் வீட்டுக்கு வெள்ளையடித்து எத்தனை வருடம் ஆயிற்று என்று அவருக்கே தெரியாது. அதை வாடகைக்கு விடச் சொன்னால் கோபம் வரும். "நான் வந்தால் எங்கே தங்குவது?"

ஃபோ-காரர்கள் இதற்கு ஒரு வழி செய்து பார்த்திருக்கிறார்கள். லார்பான் என்ற கூட்டுறவு நிறுவனத்தை ஏற்படுத்தியிருக்கிறார்கள். அதில் கொம்யூனும் பங்குதாரர், தனியாட்களும் பங்குதாரர்கள். விற்பனைக்கு வரும் பழைய கட்டடங்களை வாங்கிச் சீர்செய்து, ஆண்டு முழுவதும் குடியிருப்பவர்களுக்கு வாடகைக்கு விடுவது அதன் வேலைகளில் ஒன்று. ஊர் ஓரத்தில் பழைய ரொட்டி அடுப்பின் பெயரால் ஒரு புதிய குடியிருப்புப் பகுதியும் இருக்கிறது. மரவீடுகள், பொதுத் தோட்டம், மண்பாதை. அழகு என்று சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாச் சன்னல்களும் திறந்திருந்தன, கொடியில் குழந்தைகளின் துணி காய்ந்துகொண்டிருந்தது. இந்த ஈரத்தில் அது எப்போது காயும் என்பது வேறு விஷயம்.

குழந்தைத் துணிக்கு இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு வசந்த காலத்திலும் கல்வித்துறை பிள்ளைகளின் தலைகளை எண்ணி எந்த ஊரில் வகுப்பை மூடுவது என்று முடிவு செய்கிறது. இரண்டு குடும்பம் வீடு கிடைக்காமல் திரும்பிப் போனால் ஒரு வகுப்பு போய்விடலாம். வகுப்பு போனால் அடுத்த குடும்பம் வராது. மேரியில் இருப்பவர்கள் வீட்டுப் பிரச்சினையைப் பேசும்போது குரல் உயர்வது இதனால்தான்.

ஞாயிறு: கொத்தனார்களின் ஊர்

அம்மாளின் நண்பர் ஒருவர் சூப்ரபோ பக்கம் போகிறார் என்று தொற்றிக்கொண்டேன். அங்கே லா மார்த்தினேஷ் என்ற குக்கிராமத்தில்தான் கொத்தனாராக இருந்து அரசியலுக்கு வந்த மார்த்தன் நதோ 1815-இல் பிறந்தார். அவர் பிறந்த வீடு இப்போது காட்சியகம். இந்தப் பருவத்தில் மூடியிருந்தது. வெளியே நின்று பார்த்தேன். சின்னக் கல்வீடு.

1830 மார்ச்சில், பதினான்கு வயதில், தந்தையோடு இந்த வீட்டிலிருந்து நடக்கத் தொடங்கினார் நதோ. ஓர்லேயான் வரை பல நாள் நடை, அங்கிருந்து பாரிஸுக்கு வண்டி. க்ரூஸின் ஆண்கள் பல தலைமுறைகளாகச் செய்துவந்ததைத்தான் அவரும் செய்தார். பயிர் போதாத கருங்கல் மண். அதனால் மார்ச்சில் கரண்டியோடு கிளம்பிப் பாரிஸிலும் லியோனிலும் கட்டட வேலை செய்து, குளிர் வந்ததும் பணத்தோடு திரும்புவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் இப்படிப் போய்வந்தார்கள். அந்த எட்டு மாதமும் உழுவதும் அறுப்பதும் கிழவர்களைப் பார்த்துக்கொள்வதும் பெண்கள். நாம் இன்று சுற்றிப் பார்க்கும் பாரிஸ், நெப்போலியன் 3 காலத்தில் ஓஸ்மன் இடித்துக் கட்டிய பாரிஸ், பெருமளவு இந்த ஆட்களின் கைவேலை.

நதோ அரசியலுக்கு வந்தார். 1849-இல் நாடாளுமன்ற உறுப்பினர். 1851 டிசம்பர் ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு நாடு கடத்தப்பட்டு, இங்கிலாந்தில் முதலில் கொத்தனாராகவும் பிறகு பிரெஞ்சு ஆசிரியராகவும் இருந்தார். 1870-இல் திரும்பி இதே க்ரூஸ் மாவட்டத்தின் ஆட்சித்தலைவரானார். கட்டட வேலை நன்றாக நடந்தால் எல்லாமே நன்றாக நடக்கும் என்று பிரான்சில் இன்றும் சொல்வார்கள். அது அவர் சொன்ன சொல். சாரத்திலிருந்து விழுந்து கை முறிந்தவருக்கு இழப்பீடு வேண்டும் என்று வாதாடிக்கொண்டே இருந்தார். வேலையிட விபத்துச் சட்டம் 1898-இல் வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் காலமானார்.

ஊர் காலியானது பஞ்சத்தாலோ கொள்ளைநோயாலோ அல்ல. போவது இங்கே எப்போதும் பிழைப்பாக இருந்தது. திரும்பி வருவதுதான் நின்றுபோனது. 1856-இல் லிமோஜுக்கு ரயில் வந்தது. நடந்து போனவன் ரயிலில் போனான், பிறகு மனைவியையும் ரயிலில் ஏற்றிக்கொண்டான். பாரிஸில் பிறந்த பிள்ளை கோடைக்கு மட்டும் பாட்டி வீட்டுக்கு வந்தது. முதல் உலகப் போர் மிச்சமிருந்த ஆண்களில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது. நேற்று நான் பார்த்த சாத்திய சன்னல்களுக்குப் பின்னால் இருப்பது அந்தப் பாட்டி வீடுதான்.

திரும்பும் வழியில் பூர்கனெஃப். துருக்கி சுல்தான் பயஸீதின் தம்பி ஜெம் பதினைந்தாம் நூற்றாண்டில் இங்கே சிறை வைக்கப்பட்டிருந்த கோபுரம் இருக்கிறது. மழையில் அண்ணாந்து பார்த்துவிட்டு அருகில் இருந்த ரொட்டிக்கடைக்குள் ஓடினேன். ஹேசல் கொட்டை மாவில் செய்யும் க்ரூஸ் கேக் நன்றாக இருந்தது. கோபுரத்தைவிட.

திங்கள்: மரம்

ஃபோவின் மரத் தொழிற்சாலை அம்பியான்ஸ் புவா. பாரிஸ் பக்கத்திலிருந்து வந்த இளைஞர்கள் சிலர் 1988-இல் தொடங்கியது. கூட்டாக வாழ வேண்டும், கூட்டாகத் தொழில் செய்ய வேண்டும் என்ற எண்ணம் முதலில், எந்தத் தொழில் என்பது அதற்குப் பிறகு. மரம் அறுத்துப் பலகையாக்குகிறார்கள், மரவீடு கட்டுகிறார்கள். எல்லோருக்கும் ஒரே மணிக்கூலி, கணக்கு எழுதுகிறவருக்கும் ரம்பத்தில் நிற்கிறவருக்கும். உழைப்புக்கும் பங்குரிமை தரும் ஒரு நிறுவன வடிவம் 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. பிரான்சிலேயே மிகச் சிலர்தான் அதைப் பயன்படுத்துகிறார்கள், அவர்களில் இவர்களும். இப்படித் தொடங்கும் முயற்சிகள் பெரும்பாலும் மூன்றாம் வருடம் சண்டையில் முடியும் என்று நான் கேலியாக எண்ணியிருப்பேன். இது முப்பத்தைந்து ஆண்டுகளைத் தாண்டிவிட்டது.

இவர்களுக்கும் முன்னால் 1986-இல் டெலி மில்வாஷ் வந்தது. பீடபூமியைப் பற்றிப் பீடபூமிக்காரர்களே படம் எடுத்து, வீடியோ கேசட்டில் பதிந்து ஊர் ஊராக அனுப்பினார்கள். பக்கத்து ஊரில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள மேரியில் கூடி டிவி பார்த்தார்கள். ஆள் வந்து சேர வேண்டுமானால் முதலில் ஊர் தன்னைத் தானே பார்க்க வேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது.

ரம்ப ஓசைக்கு வெளியே வந்தால் காடு. தேவதை வாழும் பழங்காடு என்று நினைத்துவிட வேண்டாம். நூறாண்டுக்கு முன்னால் இங்கே காடே அரிது. ஊதாப் பூப் பூக்கும் புதர்வெளியில் செம்மறிகள் மேய்ந்தன. ஆட்கள் போனதும் மேய்ப்பவர் இல்லை. 1946-இல் அரசு தேசியக் காட்டு நிதியை ஏற்படுத்தி, மரம் நடப் பணம் கொடுத்தது. பாரிஸில் இருந்த வாரிசுகள் தாத்தாவின் மேய்ச்சல் நிலத்தில் வரிசை வரிசையாக ஊசியிலை மரம் நட்டார்கள், முக்கியமாக அமெரிக்க டக்ளஸ் மரம். இன்று பீடபூமியின் பாதிக்கு மேல் காடு. நாற்பது ஐம்பது ஆண்டு வளர்ந்ததும் ஒரே வெட்டாக வெட்டி எடுக்கிறார்கள். அப்படி வெட்டிய ஒரு சரிவைப் பார்த்தேன். அடிக்கட்டைகளும் சேறும் டயர்த் தடங்களும். இதை எதிர்த்துக் கூட்டங்கள் நடக்கின்றன, லாரிகளை மறிக்கிறார்கள்.

பக்கத்து வீட்டுக் கிழவரிடம், இன்னும் யோசிக்கிறார் என்று அம்மாள் சொன்னவரிடம், மாலையில் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். எண்பதைத் தாண்டியவர். லிமூஸன் மாடு வைத்திருந்தார். உருளைக்கிழங்கு வைத்துச் சுட்ட தடித்த பணியாரம் ஒன்றை வெட்டித் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னார்: "என் பெரியப்பா மகன் நட்ட மரம் அது. பாரிஸில் டாக்சி ஓட்டினான். நடும்போது என்னைக் கேட்கவில்லை. வெட்டும்போது இவர்களைக் கேட்க வேண்டும் என்கிறார்களே, இந்தப் புதியவர்கள், அதுவும் எனக்கு விளங்கவில்லை." கொஞ்ச நேரம் கழித்து, "ஆனால் என் மேய்ச்சலுக்கு வரும் வெயிலை அந்த மரம் நாற்பது வருடம் மறைத்தது" என்றார்.

புதியவர்களைப் பற்றி அவருக்கு இரண்டு கருத்துகள் இருக்கின்றன. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார். கூட்டம் போடுவதில் பாதி நாள் போகிறது, ஆடு வளர்க்கத் தெரியாமல் ஆடு வளர்க்கிறார்கள். அவர்கள் இல்லாவிட்டால் கடை இல்லை, பள்ளி இல்லை, தனக்கு மருந்து வாங்கி வர ஆள் இல்லை. தெற்கே தார்னக்கில் 2008 நவம்பரில் முகமூடி அணிந்த போலீசார் விடிகாலையில் புகுந்து, கடை நடத்திக்கொண்டிருந்த இளைஞர்களை ரயில் பாதை நாசவேலை என்று பிடித்துக்கொண்டு போனார்கள். பத்து ஆண்டு கழித்து 2018-இல் முக்கியக் குற்றச்சாட்டிலிருந்து நீதிமன்றம் விடுவித்தது. "அப்போது தார்னக்கில் என் வயதுக்காரர்கள் எல்லாம் அவர்கள் பக்கம்தான் நின்றார்கள். ரொட்டி கொண்டுவந்து கொடுப்பவனைத் தீவிரவாதி என்றால் எப்படி நம்புவது?" என்றார் கிழவர்.

பேச்சு வேறொரு குடியேற்றத்தின் பக்கம் திரும்பியது. நான்தான் கேட்டேன். க்ரூஸ் என்ற பெயரை நான் முதன்முதலில் அறிந்ததே அதனால்தான். 1962 முதல் 1984 வரை, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனிலிருந்து 2,015 பிள்ளைகளை அரசு பிரான்சுக்குக் கொண்டுவந்தது. தீவில் ஆள் அதிகம், பிரான்சின் கிராமங்களில் ஆள் குறைவு, எனவே அங்கிருந்து எடுத்து இங்கே வைத்தால் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். தீவின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த மிஷேல் தெப்ரே இதை முன்னின்று நடத்தியவர். படிக்க வைப்போம், விடுமுறைக்கு அனுப்புவோம் என்று பெற்றோரிடம் சொல்லப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாத பலர் கைநாட்டு வைத்தார்கள். பிள்ளைகள் எண்பதுக்கு மேற்பட்ட மாவட்டங்களில் சிதறினார்கள். ஆனால் அதிகம் பேர் வந்தது க்ரூஸுக்கு, கெரே நகர விடுதி வழியாக. சிலர் தத்தெடுக்கப்பட்டார்கள். சிலர் பண்ணைகளில் கூலியில்லா வேலைக்காரர்களாக வளர்ந்தார்கள். 2014 பிப்ரவரியில் நாடாளுமன்றம் அரசின் தார்மீகப் பொறுப்பை ஒப்புக்கொண்டு தீர்மானம் போட்டது.

ரீயூனியனில் 1848-இல் அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பல்கள் போயின. அந்த 2,015 பிள்ளைகளில் எங்கள் பக்கத்துச் சாயல் உள்ள முகங்களும் இருந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. கூலிக்காக ஒரு முறை கடல் கடத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளை, காலி ஊரை நிரப்ப மறுமுறை கடத்தியிருக்கிறார்கள்.

கிழவர் மறுக்கவில்லை. பக்கத்துக் கொம்யூனில் ஒரு பண்ணையில் ஒரு பையன் இருந்தானாம். "பனியை அவன் பார்த்ததே இல்லை. அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை." தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

செவ்வாய்: ஜான்தியூ

நவம்பர் 11, முதல் உலகப் போர் நின்ற நாள். பிரான்சின் ஒவ்வொரு ஊரிலும் போர் நினைவுத்தூண் முன் மேயர் மூவண்ணப் பட்டையோடு மலர்வளையம் வைப்பார். பக்கத்துக் கொம்யூனான ஜான்தியூவில் நடப்பது வேறு மாதிரி.

அங்கே 1922-இல் எழுப்பிய தூணில் வெற்றித் தேவதையும் இல்லை, துப்பாக்கி ஏந்திய வீரனும் இல்லை. பள்ளி அங்கியும் மரச் செருப்பும் போட்ட ஓர் அனாதைச் சிறுவன், தொப்பியைக் கையில் கழற்றி வைத்துக்கொண்டு, இறந்தவர் பெயர்ப் பட்டியலை நோக்கி முஷ்டியை உயர்த்துகிறான். பட்டியலின் அடியில் பிரெஞ்சில் நான்கே சொல்லில் பொறித்திருக்கிறார்கள்: போர் நாசமாய்ப் போக. அப்போதைய மேயர் தானே போர்முனைக்குப் போய் வந்தவர். மாவட்ட ஆட்சித்தலைவர் திறந்து வைக்க மறுத்துவிட்டார். பல பத்தாண்டுகள் அரசு சார்பில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது ஆண்டுதோறும் இந்த நாளில் போர் எதிர்ப்பாளர்கள் பிரான்சின் பல பக்கங்களிலிருந்து வந்து கூடுகிறார்கள்.

கூட்டம் நான் நினைத்ததைவிடப் பெரியது. செங்கொடி, கருங்கொடி, தொழிற்சங்கப் பதாகை, நாய்கள், தள்ளுவண்டியில் குழந்தைகள். பேச்சுகள் நீண்டன. ஒருவர் காகிதத்தை இரு பக்கமும் படித்தார். பிறகு பாடினார்கள். 1917-இல் முன்னேற மறுத்த சிப்பாய்களின் பாட்டு, வயதானவர்களுக்கு மனப்பாடம். 1917 என்றதும் இந்தப் பக்கத்துக்காரர்கள் லா கூர்தீனையும் சொல்வார்கள். கிழக்கே அந்த ராணுவ முகாமில் ரஷ்யப் படையினர் ஆயிரக்கணக்கில் சண்டைக்குப் போக மறுத்து, செப்டம்பரில் பீரங்கியால் அடக்கப்பட்டார்கள்.

கூட்டத்தில் இருந்த முகங்களைத்தான் நான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த கிழவிகள், பாரிஸிலிருந்து வந்த மரவேலைக்காரர்கள், மலிவு விலை வீடு தேடி வந்து பிரெக்ஸிட்டுக்குப் பிறகும் போகாமல் இருக்கும் ஆங்கிலேயத் தம்பதி, பேர்லவாத் ஊரின் அகதி விண்ணப்பதாரர் மையத்திலிருந்து ஓர் அம்மாள் காரில் அழைத்து வந்த ஆப்பிரிக்க இளைஞர்கள் இருவர். தூணில் இருக்கும் குடும்பப் பெயர்களில் எத்தனை பேருக்கு இன்று ஊரில் ஆள் இருக்கிறது என்று எனக்குப் பக்கத்தில் நின்றவரைக் கேட்டேன். அவர் விரலை மடக்கத் தொடங்கி ஒரு கையோடு நிறுத்திக்கொண்டார். "ஆனால் வீடு எல்லோருக்கும் இருக்கிறது" என்றார்.

ஐந்தாண்டுக்கு ஒரு முறை சின்னக் கொம்யூன்களில் வீடு வீடாகக் கணக்கெடுக்கிறார்கள். ஃபோவின் எண்ணிக்கை ஓரிரு டஜன் கூடினாலும் குறைந்தாலும் பத்திரிகைகள் அதைச் செய்தியாக்குகின்றன, மறுபிறப்பு என்றோ நலிவு என்றோ. எனக்கு அந்த எண்ணில் அக்கறை போய்விட்டது. சாவி யாரிடம் இருக்கிறது என்பதில்தான் வந்திருக்கிறது. நிலத்தில் என்ன நட வேண்டும், வீட்டில் யார் இருக்கலாம், வகுப்பு தொடரலாமா என்பவற்றை எல்லாம் இங்கே இல்லாதவர்களே தீர்மானித்து வந்திருக்கிறார்கள். ரீயூனியன் பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களும் அப்படித்தான், பதினோரு வாரிசுகளும் அப்படித்தான். வாரிசுகளிடம் கெட்ட எண்ணம் கிடையாது என்பதை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு ஊர் பிடிக்கும். பிடிப்பதால்தான் விற்க மாட்டேன் என்கிறார்கள்.

புதன்: ஏமூத்தியேக்குத் திரும்பும் வழி

அம்மாளுக்கு வேலை இருந்ததால் வீடு வீடாகப் போய்க் கவனிக்கும் செவிலியர் ஒருவரின் காரில் இடம் பிடித்துக் கொடுத்தார். முப்பது வயதுக்காரர், நாந்த் நகரத்திலிருந்து மகளோடு வந்தவர். வழியில் இரண்டு வீடுகளில் நிறுத்தினார். ஊசி போட்டு, கட்டு மாற்றி, விறகை உள்ளே எடுத்து வைத்துவிட்டு வந்தார். க்ரூஸில் மூன்றில் ஒருவருக்கு மேல் அறுபது கடந்தவர்கள். அவருக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை. வீட்டுக்குத்தான்.

இப்போது இருப்பது சுற்றுலாப் பயணிகளுக்கான விடுதி வீடு. மே மாதம் வரைதான். கோடையில் வாசிவியேர் ஏரிக்கு வருபவர்களுக்கு வாரக் கணக்கில் விட்டால் உரிமையாளருக்கு இரு மடங்கு வருமானம். போன கோடையில் மகளும் அவரும் நண்பர் ஒருவரின் கேரவனில் இருந்தார்கள். லார்பான் பட்டியலில் பெயர் கொடுத்திருக்கிறார். நொத்தேரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். "நான் கவனிக்கும் பாட்டிகள் எல்லோரும் என் வீட்டை எடுத்துக்கொள் என்கிறார்கள். பிள்ளைகளிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்பார்கள் பிறகு. பிள்ளைகளிடமிருந்து பதில் வராது."

சனிக்கிழமை நடந்த அந்தக் குக்கிராமத்தைப் பற்றிச் சொன்னேன். ஒரே ஒரு புகைபோக்கியில் புகை, மற்றவை நல்ல நிலையில் இருக்கின்றன என்று.

"கிணறு இருக்கும் பக்கமா, பாலத்துப் பக்கமா?"

"பாலத்துப் பக்கம். நீலச் சன்னல்."

"தபால் பெட்டியில் பெயர் பார்த்தீர்களா?"

பார்த்திருந்தேன். சொன்னேன். அவர் காரை ஓரமாக நிறுத்தி, நோயாளிகள் பட்டியல் இருந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டார். அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே பத்துப் பதினைந்து பெயர்கள் இருந்தன, பாதி அடிக்கப்பட்டவை. ரயிலுக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது. அடுத்த ரயில் மாலையில்தான் என்று சொல்லிக்கொண்டே வேகமாக ஓட்டினார்.